காயடித்த குதிரை வைத்திருக்கிறீர்களா? அடிவயிற்றையும் பாருங்கள்

ஊட்டியில் சவாரிக்கு விடும் ஒரு குதிரைக்காக ஒரு நாள் காலையில் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வயது, காயடித்த குதிரை. “சார், நாலு நாளா காலை அகட்டி அகட்டி நிக்கிறான். மூத்திரம் சொட்டுச் சொட்டாத்தான் வருது. சூடு பிடிச்சிருக்கும்னு வெந்தயம் ஊறவச்சுக் குடுத்தேன்” என்றார் குதிரைக்காரர். பாசமாகத்தான் வளர்க்கிறார். லாடம் சரியாக இருந்தது, பிடரி சீவியிருந்தது, தோல் பளபளவென்று இருந்தது. பின்னங்கால்களின் உள்பக்கத்தில் மட்டும் கறுப்பாக ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது.

மயக்க ஊசி போட்டு, குறி தானாகத் தளர்ந்து வெளியே வந்ததும் கழுவிப் பார்த்தேன். மூத்திரத் துவாரத்தைச் சுற்றி ஒரு சின்னப் பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்துக்குள் மொச்சைக் கொட்டை அளவில் சாம்பல் நிற உருண்டை ஒன்று இறுகிக் கிடந்தது. விரலால் மெதுவாக உருட்டி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். “இதுவா சார் இத்தனை நாளா?” என்றார். அன்று சாயங்காலம் போன் செய்து, நன்றாகப் பீய்ச்சி அடித்தான் என்று சொன்னார்.

அந்த உருண்டை வெளியிலிருந்து வந்ததல்ல. குறியை மூடியிருக்கும் உறையின் சுரப்பிகள் விடும் எண்ணெய்ப் பசை, உதிர்ந்த தோல், மண், மூத்திரம் எல்லாம் சேர்ந்து உருவாகும் அழுக்கு. இதை ஸ்மெக்மா என்கிறோம். எல்லா ஆண் குதிரைக்கும் இது உண்டு. ஆனால் காயடித்த குதிரைகளில் பல, குறியை முழுதாக வெளியே விடுவதில்லை. சில உறைக்குள்ளேயே மூத்திரம் பெய்துவிடும். அதனால் மடிப்புகளில் அழுக்கு சேர்ந்துகொண்டே போகிறது.

அந்தியூர் சந்தையில் சுழி பார்த்து, பல் பார்த்து, நடை பார்த்துக் குதிரை வாங்குகிறோம். வாங்கிய பிறகு இந்த இடத்தை யாரும் பார்ப்பதே இல்லை. கூச்சம் ஒரு காரணம், உதைப்பானே என்ற பயம் இன்னொன்று. இரண்டுமே எனக்குப் புரிகிறது.

சரி, எப்படிக் கழுவுவது? முதலில் பல நாள் பழக்குங்கள். தேய்த்துவிடும்போது கையை வயிற்றிலிருந்து மெல்ல அடிவயிறு வரை கொண்டுபோங்கள். குதிரை சும்மா நின்றால் தட்டிக்கொடுங்கள். கழுவும் நாளில் தலைக்கயிற்றை ஒருவர் பிடிக்கட்டும். நீங்கள் விலாவை ஒட்டி, வால் பக்கம் முகம் பார்த்து நில்லுங்கள். ஒரு கை முதுகில் இருந்தால் உடம்பு இறுகுவது முன்கூட்டியே தெரியும். பின்னங்காலை முன்பக்கமாக வீசி உதைக்கக் குதிரையால் முடியும் என்பதை மறக்காதீர்கள். நகம் வெட்டி, மோதிரம் கழற்றி, ரப்பர் கையுறை போடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும், பச்சைத் தண்ணீர் பட்டால் குறியை உள்ளே இழுத்துக்கொள்ளும். கெட்டிப்பட்ட அழுக்கைப் பிய்க்காமல் தேங்காய் எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டால் தானே கழன்றுவரும். வெறும் தண்ணீரும் பஞ்சுமே பெரும்பாலும் போதும். சோப்பு போட்டால் மென்மையானதாக இருக்கட்டும், துளி மிச்சமில்லாமல் அலசுங்கள். டெட்டால், சாவ்லான், பினாயில் எதுவும் அங்கே படக் கூடாது. குழாயை வேகமாகத் திறந்து உறைக்குள் பீய்ச்சவும் கூடாது.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். இதைப் படித்துவிட்டு வாரா வாரம் கழுவ ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த இடத்துக்கு நல்லது செய்யும் கிருமிகள் அங்கேயே வாழ்கின்றன. அடிக்கடி சோப்பு போட்டால் அவை அழிந்து, தோல் வறண்டு, புண்ணாகிவிடும். காய்ந்து செதில் செதிலாக இருக்கும் கொஞ்சம் அழுக்கு இயல்பானதுதான். என் கணக்கு இது: வருஷத்துக்கு ஓரிரு முறை நன்றாகப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மட்டும் கழுவ வேண்டும். நாற்றம், மூத்திரம் சிதறிப் போவது, வாலைச் சுவரில் உரசுவது போன்றவை தெரிந்தால் உடனே பாருங்கள். வால் உரசலுக்குக் குடல் புழுவும் காரணமாக இருக்கலாம்.

உறை வீங்கினாலே அழுக்கு என்று முடிவு செய்வதும் தவறு. நாள் முழுக்க லாயத்தில் கட்டிக் கிடந்தால் நீர் இறங்கி வீங்கும், நடக்கவிட்டால் வடியும். ஆனால் விட்டு விட்டுக் காய்ச்சல், உடம்பு இளைப்பு, கால்களிலும் அடிவயிற்றிலும் வீக்கம் என்று சேர்ந்து வந்தால் சர்ரா நோயாக இருக்கலாம். கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் ரத்த ஒட்டுண்ணி அது. ரத்தப் பரிசோதனை செய்யாமல் உறையை மட்டும் கழுவிக்கொண்டிருந்தால் குதிரையையே இழக்க நேரிடும்.

கழுவும்போது கண்ணையும் பயன்படுத்துங்கள். ஈக்கள் கொண்டுவந்துவிடும் புழுக்களால் அந்த ஈரமான இடத்தில் ஆறாத புண் வரும். வயதான குதிரைகளில், குறிப்பாக அங்கே தோல் இளஞ்சிவப்பாக இருக்கும் குதிரைகளில், தோல் புற்றுநோய் வருவதுண்டு. முதலில் சின்ன மருவாகவோ கீறல் போலவோதான் தெரியும். அந்த நிலையில் காட்டினால் அறுத்து எடுத்துக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. காலிஃபிளவர் போலப் பூத்து, ரத்தம் கசிந்த பிறகு கொண்டுவந்த குதிரைகளையும் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு அதிகம் செய்ய முடியவில்லை, அது இன்னும் மனதில் இருக்கிறது.

தொடவே விடாத குதிரைக்கு மருத்துவரைக் கூப்பிடுங்கள். மயக்க ஊசியை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சில மருந்துகளுக்குப் பிறகு குறி உள்ளே திரும்பாமல் தொங்கிவிடும் ஆபத்து உண்டு. எந்தக் காரணத்தால் அப்படித் தொங்கினாலும், ஈரத் துணியால் தாங்கிக் கட்டி, காயாமல் பார்த்துக்கொண்டு, அந்த நிமிடமே போன் செய்யுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.