ராமேஸ்வரத்தை ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாமா?

மதுரையில் சுற்றுலா வண்டி ஏற்பாடு செய்யும் தொழிலில் இருப்பவனிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, விடியற்காலையில் ராமேஸ்வரத்துக்குக் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பிவிட முடியுமா என்பதுதான். முடியும் என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொள்வது எளிது. ஆனால் கேட்பவர் அங்கே என்ன செய்ய விரும்புகிறார், உடன் வருபவர்கள் எந்த வயதினர், வண்டியை ஓட்டப்போகிறவர் முந்தைய இரவு தூங்கினாரா என்பவை தெரியாமல் அதற்குப் பதில் சொல்லக் கூடாது என்று நான் கருதுகிறேன். கடைசியாகச் சொன்னதை வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை என்பதால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை. அங்கிருந்து ராமநாதபுரம் வரையுள்ள இருவழிச் சாலையை நான்கு வழியாக்க 2025-இல்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன் பிறகு உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் என்று ஊர் ஊராகக் கடக்க வேண்டும். கைப்பேசி வரைபடம் மூன்று மணி நேரம் என்று காட்டினாலும், காலைச் சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் நிறுத்திச் செல்லும் குடும்பத்துக்கு மூன்றரை முதல் நான்கு மணி நேரம் ஆகும். பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் படமெடுப்பதற்காக வண்டியை ஓரங்கட்டச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்துபவர்கள் உண்டு. பின்னால் வரும் பேருந்து ஒதுங்கிப் போக அங்கே இடமில்லை என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. ராமேஸ்வரம் ஊரிலிருந்து, தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனைக்குப் போக இன்னும் 20 கிலோமீட்டர், திரும்ப அதே அளவு. ஆக, ஒரு நாளில் ஓட வேண்டியது சுமார் 380 கிலோமீட்டர். வழியில் நிறுத்துவதையும் சேர்த்தால் சாலையில் கழியும் நேரம் மட்டுமே எட்டு மணி நேரத்துக்குக் குறையாது.

தூரத்தைவிடக் கணக்கைக் குலைப்பது கோயிலின் நேரம்தான். வழக்கமான நாள்களில் ராமநாதசுவாமி கோயில் நடை பகல் 1 மணிக்குச் சாத்தப்பட்டு 3 மணிக்குத் திறக்கப்படுகிறது. தீர்த்தமாட விரும்புபவர்கள் அக்னி தீர்த்தக் கடலில் முழுகி எழுந்து, கோயிலுக்குள் பல இடங்களில் பரவிக் கிடக்கும் 22 தீர்த்தங்களிலும் வாளியால் இறைத்து ஊற்றும் நீரில் நனைந்து, கோடி தீர்த்தத்தில் முடித்து, ஈரத்துணியை மாற்றிக்கொண்ட பிறகுதான் சுவாமி தரிசனத்துக்கு வரிசையில் நிற்க முடியும். கூட்டமில்லாத வார நாளிலேயே இதற்கு மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். தை, ஆடி, மகாளய அமாவாசைகளிலும் தொடர் விடுமுறைகளிலும் எவ்வளவு நேரமாகும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. அந்த நாள்களில் ஒரு நாள் பயணமாக வண்டி கேட்பவர்களிடம் தேதியை மாற்றிக்கொள்ளும்படி நான் சொல்லிவிடுகிறேன். முன்னோருக்குத் திதி கொடுக்கும் குடும்பமாக இருந்தால் காலைப் பொழுது முழுவதும் அதற்கே போய்விடும்.

முதியவர்களை அழைத்துச் செல்வோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தீர்த்தமாடும் பாதையில் கருங்கல் தரை எந்நேரமும் ஈரமாக இருக்கும். பின்னால் வருபவர்கள் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், தீர்த்தமாடும்வரை எதுவும் சாப்பிடுவதில்லை என்று பிடிவாதமாக இருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும், இரவெல்லாம் வண்டியில் உட்கார்ந்து வந்து அப்படியே கடலில் இறங்குவது ஏற்றதல்ல. அவர்களுக்கு அறை எடுத்து, இரண்டு மணி நேரமாவது காலை நீட்டிப் படுக்க வைத்த பிறகு கோயிலுக்கு அழைத்துச் செல்வது நல்லது. மருந்து வேளையை மாற்றுவது குறித்து மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். வேனுக்குள் உட்கார்ந்து முடிவெடுக்கக் கூடாது.

தனுஷ்கோடி இதற்கு நேர்மாறானது. அங்கே வரிசை இல்லை, சடங்கு இல்லை. ஆனால் நிழலும் இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பயணிகள் ரயிலோடு அழிந்துபோன அந்த ஊரின் தேவாலயச் சுவர்களையும் ரயில் நிலையத்தின் மிச்சத்தையும் பார்க்க, 2017-க்கு முன்பு முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் ஜீப்பிலோ வேனிலோதான் போக வேண்டும். அந்த ஆண்டு அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்ட பிறகு எந்தக் காரும் முனைவரை போகிறது. வசதி கூடிய அளவுக்கு எச்சரிக்கை குறைந்துவிட்டது. அரிச்சல்முனையில் குளிப்பது தடைசெய்யப்பட்டிருக்கிறது. கரையை விட்டுச் சில அடிகளிலேயே ஆழம் சட்டென்று கூடும், நீரோட்டமும் வலுவானது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கேயுள்ள மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது வடக்கே பாக் நீரிணைப் பக்கம் குளம்போல் கிடக்கும்; வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். ஆகவே ஒரு பக்கம் அமைதியாக இருப்பதைப் பார்த்துக் குழந்தைகளை இறக்கிவிடும் துணிச்சல் வேண்டாம். பொழுது சாய்வதற்குள் எல்லாரையும் வெளியேற்றிவிடுவார்கள் என்பதால், கோயிலை மாலை 3 மணிக்கு மேல் பார்த்துவிட்டு அங்கே ஓடுவதும் பயன் தராது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், தீர்த்தமாடாமல் தரிசனம் மட்டும் செய்யவும், 1,200-க்கும் மேற்பட்ட தூண்கள் கொண்ட மூன்றாம் பிராகாரத்தை நிதானமாகச் சுற்றிவரவும், பிறகு தனுஷ்கோடிக்குப் போகவும் விரும்பும் நடைபலம் உள்ளவர்களுக்கு மதுரையிலிருந்து ஒரு நாள் பயணம் ஏற்றதுதான், அதுவும் சாதாரண வார நாளில். தீர்த்தமும் வேண்டும், தனுஷ்கோடியும் வேண்டும், வழியில் ராமர் பாதம், வில்லூண்டி தீர்த்தம், பேக்கரும்பில் கலாம் நினைவிடம் என்று பட்டியலில் உள்ள எல்லாமும் வேண்டும் என்பவர்கள் எதையும் பார்த்ததாக ஆகாது; வண்டியிலிருந்து இறங்கி ஏறியதாகத்தான் ஆகும். பன்னிரண்டு இடங்கள் என்று விளம்பரம் செய்யும் சுற்றுலாத் திட்டங்களில் பாதியை விட்டுவிட்டாலும் இழப்பில்லை என்பது என் தனிப்பட்ட எண்ணம்.

இனி ஓட்டுநர். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இல் வந்தது. பொதுவாக ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது அரை மணி நேர ஓய்வு என்பது அதன் விதியாக இருந்தது; 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்தது. சொந்தமாக ஒரே வண்டி வைத்து ஓட்டுபவரிடம் இப்படிப்பட்ட விதியைக் காட்டிப் பேச யாரும் இல்லை என்றாலும், உடம்பு கேட்கும் ஓய்வு எல்லாருக்கும் ஒன்றுதான். அதிகாலை 4 மணிக்கு நம் வீட்டு வாசலில் வண்டி நிற்க வேண்டுமென்றால் அவர் 2:30-க்கு எழுந்திருக்க வேண்டும். இரவு 10 மணிக்கு நம்மை இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு அவர் படுக்கும்போது நள்ளிரவைத் தாண்டியிருக்கும். கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வரும் வேன்களின் நிலை இன்னும் மோசம். அறை வாடகையை மிச்சப்படுத்த இரவு கிளம்பி, பகலில் ஊர் பார்த்து, மறு இரவே திரும்புகிறார்கள். பயணிகளுக்கு அது ஒரு நாள் பயணம். ஓட்டுநருக்கோ தூக்கமில்லாத இரண்டு இரவுகள். நாம் தீர்த்தமாடும் நேரத்தில் அவர் தூங்கிவிடுவார் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். நிறுத்துமிடத்து வெயிலில், கதவுகளைத் திறந்து வைத்த வேனுக்குள், எப்போது அழைப்பு வருமோ என்று கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு கண்ணயர்வதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. திரும்பும் வழியில் பின்னிரவு 2 மணி முதல் 5 மணி வரை உடம்பு தானாகவே தூக்கத்தைத் தேடும் நேரம். தேநீரும் உரத்த பாட்டும் அதைத் தள்ளிப்போடுமே தவிர நீக்காது. இத்தகைய பயணத்துக்கு இரண்டாவது ஓட்டுநரையும் சேர்த்துத்தான் நான் தொகை சொல்வேன். அது அதிகம் என்று வேறிடம் போகிறவர்களைத் தடுக்க எனக்கு வழியில்லை.

ஒரே நாள்தான் முடியும் என்பவர்களுக்கு ரயில் சிறந்தது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்ட பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லை. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டதும் மீண்டும் ஓடத் தொடங்கின. சென்னையிலிருந்து இரவு ரயிலில் படுத்து வந்து, பகலில் தரிசனமும் தனுஷ்கோடியும் முடித்து, மாலை ரயிலில் திரும்புபவர்கள் உண்மையில் தூங்கியபடியே பயணம் செய்கிறார்கள். மதுரைக்காரர்களுக்கும் காலையில் போய் மாலையில் திரும்பப் பயணிகள் ரயில் உண்டு; உள்ளூரில் சுற்ற ஆட்டோ போதும்.

வண்டியில்தான் போவது என்றால், ஒரு நாளை இரண்டு அரை நாள்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை 11 மணி வாக்கில் மதுரையை விட்டு, ராமநாதபுரத்தில் சாப்பிட்டு, அறையில் பைகளைப் போட்டுவிட்டு, வெயில் தணியும் நேரத்தில் தனுஷ்கோடியைப் பார்க்கலாம். இரவு தங்கி, விடியலில் 5 மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம் செய்து, கூட்டம் ஏறுவதற்குள் தீர்த்தமாடிவிட்டால், மாலைக்குள் மதுரைக்குத் திரும்பிவிடலாம். கூடுதலாக ஆவது ஓர் இரவு அறை வாடகையும் ஓட்டுநரின் ஒரு நாள் பேட்டாவும்தான். அறை பதிவு செய்யும்போதே ஓட்டுநருக்குப் படுக்கை உண்டா என்று கேளுங்கள். சில விடுதிகளில் இலவசமாகவே தருகிறார்கள், இல்லாத இடங்களில் ஒரு சிறு தொகைக்குக் கிடைக்கும்.