கேஸ் ஃபயர் பிட்: கல் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது

வெளியில் உட்கார்ந்து குளிர்காய ஒரு கேஸ் ஃபயர் பிட் வேண்டும் என்று கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் கல்லின் நிறத்தைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். வட்டமா சதுரமா, தீ எவ்வளவு உயரம் எழும் என்பதெல்லாம் அடுத்து வரும். விறகு இல்லை, புகை இல்லை, சாம்பல் அள்ளும் வேலை இல்லை. அதனால் இதை ஒரு அலங்காரப் பொருளாகவே நினைத்துவிடுகிறார்கள். கேஸ் இணைப்பு வேலை செய்கிற என் கண் போவது பர்னருக்குக் கீழே, வால்வும் ஹோஸும் இருக்கிற அந்தக் காலி இடத்துக்கு. நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் தொடங்கியிருக்கின்றன.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. அதில் உள்ள புரொப்பேன் சுமார் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே பறந்து போய்விடாது, தண்ணீர் மாதிரி பள்ளம் தேடி இறங்கித் தேங்கும். காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். நான்கு பக்கமும் பூசி அடைத்த கட்டுக்குள் அது தேங்கினால், அதற்கு நேர் மேலேயே நீங்கள் தீ மூட்டுகிறீர்கள்.

அதனால் கட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் குறைந்தது இரண்டு காற்றுத் திறப்பு வேண்டும். ஒவ்வொன்றும் 18 சதுர அங்குலமாவது, அதாவது ஆறுக்கு மூன்று அங்குலமாவது இருக்கட்டும் என்று பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் சொல்கின்றன. எல்பிஜி என்றால் திறப்பு தரையை ஒட்டி இருக்க வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன், அது காற்றைவிட லேசு. அதற்குத் திறப்பு மேல் விளிம்புக்குப் பக்கத்தில். ஒரே பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டால் பயனில்லை. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும்.

ஒரு வீட்டில், பற்றவைக்கும்போதெல்லாம் ‘தொப்’பென்று சத்தம் வருகிறது, பர்னர் மேல் பரப்பிய கற்கள் துள்ளுகின்றன என்று கூப்பிட்டார்கள். கட்டு பார்க்க அருமையாக இருந்தது, இணைப்புக் கோடே தெரியாத கல் வேலை. காற்று போக ஒரு ஊசித் துளை கூட இல்லை. பர்னர் உட்காரும் தட்டைத் தூக்கிப் பார்த்தால், பர்னர் பக்கம் இருந்த ஹோஸ் வெப்பத்தில் பழுப்பேறி விறைத்துப்போயிருந்தது. கீழே தேங்கிய கேஸ்தான் அந்த ‘தொப்’. “கல்லைத் துளைத்தால் அழகு போய்விடுமே சார்” என்றார் வீட்டுக்காரர். துளைத்தோம், ஜாலி வைத்தோம், சத்தம் நின்றது. அப்புறம் ஹோஸ் மாற்றப் போனபோது பார்த்தால், ஒரு திறப்பை மறைத்து அழகாக ஒரு பூந்தொட்டி! திறப்பு போட்டால் மட்டும் போதாது, அது எதற்கு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், கேஸ் வகையை மாற்றுவது. இயற்கை எரிவாயுவுக்குச் செய்த பர்னரில் எல்பிஜியைக் கொடுக்கக் கூடாது. ஒரே கன அளவில் புரொப்பேன் சுமார் இரண்டரை மடங்கு வெப்பம் தரும்; அதனால் கேஸ் பீய்ச்சி வரும் அதன் ஜெட் துளை சிறியது, காற்றைக் கலந்து அனுப்பும் மிக்ஸரும் தேவை. இவை இல்லாமல் எரித்தால் தீ மஞ்சளாக ஓங்கி எழும், கற்கள் கரி பிடிக்கும். கற்களில் கரி படிவதைப் பலர் அழுக்கு என்று துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது கேஸுக்குப் போதுமான காற்று கலக்கவில்லை என்பதன் அடையாளம்.

சிலிண்டரைப் பற்றியும் கொஞ்சம். மணிக்கு 60,000 பிடியு (வெப்ப அளவு) தரும் பர்னர், முழு வேகத்தில் மணிக்குச் சுமார் ஒன்றேகால் கிலோ கேஸ் குடிக்கும். சின்ன சிலிண்டரால் அந்த வேகத்தில் ஆவியாக்கித் தர முடியாது. வெளிப்புறம் பனி படியும், தீ சுருங்கும். உடனே சிலிண்டரைச் சாய்ப்பது, படுக்கவைப்பது என்று கை வைப்பார்கள். படுக்கவைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 270 லிட்டர் வாயுவாக விரியும். மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கசிவு பார்க்க மூக்கை மட்டும் நம்பாதீர்கள், தீக்குச்சியை எடுக்கவே எடுக்காதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து, பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவி இரண்டு நிமிடமாவது பார்க்க வேண்டும். பெரிய கசிவு உடனே நுரைக்கும். சின்னக் கசிவு கடுகளவு குமிழிகளாக ஒன்றன்மேல் ஒன்று மெல்லச் சேரும். அவசரக்காரர்கள் தவறவிடுவது இந்த இரண்டாவதைத்தான். வால்வுக்கும் பர்னருக்கும் நடுவில் உள்ள இணைப்பில் வால்வு திறந்தால்தான் கேஸ் வரும், அதனால் அதைப் பர்னர் எரியும்போது சோதிக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் சாதாரண டேப்பைக் கேஸ் மரைக்குச் சுற்றியிருந்தால், வேலை செய்தவரைக் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு வால்வு உள்ளதையே வாங்குங்கள். தீயில் நிற்கும் தெர்மோகப்பிள் சில மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாக்கி வால்வைத் திறந்து வைத்திருக்கும். காற்றில் தீ அணைந்தால் அது குளிர்ந்து, வால்வு தானாக மூடிக்கொள்ளும். “அடிக்கடி அணைகிறது, அதைக் கழற்றிவிடுங்களேன்” என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் கழற்றுவதில்லை. பெரும்பாலும் அதன் முனை கற்களுக்குள் புதைந்திருக்கும், கல்லை ஒதுக்கினால் சரியாகிவிடும். இதுபோக, உட்காரும் இடத்திலிருந்து எட்டும் தூரத்தில், ஆனால் தீயின் மேல் கை போகாத இடத்தில், தனியாக ஒரு ஷட் ஆஃப் வால்வு இருக்கட்டும்.

மேலே போடும் கல் எரிமலைக் கல்லோ, இதற்கென்று செய்த, சூடு தாங்கும் கண்ணாடித் துண்டுகளான ஃபயர் கிளாஸோதான். ஆற்றுக் கூழாங்கல் அழகுதான், ஆனால் உள்ளே இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி விரிந்து கல்லையே வெடிக்க வைக்கும். எரிமலைக் கல்லும் மழையில் நனைந்திருந்தால் முதலில் சின்னத் தீயில் காயவிட்டு, கொஞ்ச நேரம் தள்ளி நில்லுங்கள். தட்டில் தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள், தேங்கிய தண்ணீர் பர்னரைத் துருப்பிடிக்க வைக்கும்.

இடம்: கையேட்டில் உள்ள தூரமே கணக்கு, பல கையேடுகளில் அது சுமார் 3 மீட்டர். துணிப் பந்தல், தாழ்ந்த கிளை, கூரை இவற்றுக்கு அடியில் வேண்டாம். கண்ணாடியால் மூடிய பால்கனியும் வீட்டுக்குள் என்றே கணக்கு. அங்கே கார்பன் மோனாக்சைடு சேரும்.

நெடுநாள் சும்மா கிடந்த ஃபயர் பிட்டை மறுபடி எரிக்கும் முன் மிக்ஸர் குழாயைக் கழற்றிப் பாருங்கள், சிலந்தி கூடு கட்டியிருக்கலாம். முதல் முயற்சியில் பற்றவில்லை என்றால் வால்வை மூடிவிட்டு 5 நிமிடமாவது காத்திருங்கள். அதற்குப் பிறகும் கேஸ் வாசம் வந்தால் அடுத்த முயற்சி வேண்டாம். சிலிண்டர் வால்வையும் மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.