ரசம் மணக்குற ஷிராஸ்

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி சிங்கப்பூர் ஈசூன்ல அண்ணன் வீட்டுல சாப்பாடு, நான் ரெண்டு பாட்டில் ரெட் ஒயின் வாங்கிட்டு போயிருந்தேன். ஒண்ணு ஆஸ்திரேலியாவுல பரோஸா பள்ளத்தாக்குல இருந்து வந்த ஷிராஸ், இன்னொண்ணு பிரான்ஸ்ல ரோன் ஆத்தோட வடபக்கத்துல இருந்து வந்தது, அங்க அதை சிரான்னு சொல்லுவாங்க, ஆனா திராட்சை ஒண்ணேதான். ரெண்டு பாட்டிலையும் பேப்பர்ல சுத்தி எது எதுன்னு சொல்லாம ஊத்தி கொடுத்தேன். அண்ணி ரெண்டாவது கிளாஸை மோந்து பாத்துட்டு "இது என்ன தம்பி, ரசம் மாதிரி மணக்குது, மிளகு தட்டி போட்ட மாதிரி"ன்னாங்க. அண்ணன் அதே கிளாஸை வாங்கி மூணு தடவை மோந்துட்டு "மிளகும் இல்ல ஒண்ணும் இல்ல, இவ சும்மா சொல்றா"ன்னாரு.

எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏன்னா ரெண்டு பேர் சொன்னதும் சரி.

ஷிராஸ்ல வர்ற மிளகு வாசனை வெறும் வர்ணனை இல்ல, நிஜமாவே மிளகுல இருக்குற ஒரு பொருள்தான் அந்த திராட்சையோட தோல்லயும் இருக்கு. ரோட்டன்டோன்னு பேரு. 2008ல ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க ஷிராஸ்ல அதை கண்டுபிடிச்சாங்க, ஆச்சரியம் என்னன்னா அது இருக்குற அளவு. ஒரு லிட்டர் ரெட் ஒயின்ல 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்கு தெரிஞ்சுடும். ஒலிம்பிக் நீச்சல் குளத்துல 25 லட்சம் லிட்டர் பிடிக்கும்னு வெச்சுக்குங்க, அந்த குளம் முழுக்க ஒயினா இருந்தாலும் 40 மில்லிகிராம் ரோட்டன்டோன் போதும், அதாவது கிட்டத்தட்ட ஒரே ஒரு மிளகோட எடை. அதே ஆராய்ச்சியிலதான் இன்னொண்ணும் தெரிஞ்சுது, சுமார் அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு, சோதிச்சதுலயே அதிகமான அளவை கலந்து கொடுத்தும், வாசனையே தெரியல. அண்ணன் அந்த ஒருத்தர்.

(மிளகு வாங்க நம்ம கடற்கரைக்கு வந்த யவனர்கள் ஒயினை ஜாடி ஜாடியா கொண்டு வந்து இறக்குனாங்க, அரிக்கமேட்டுல தோண்டுனப்ப அந்த ஜாடி உடைஞ்ச துண்டுங்க நிறைய கிடைச்சுது. மிளகும் ஒயினும் நமக்கு ரொம்ப பழைய உறவு.)

சரி, ஒரே திராட்சை, ஏன் ரோன் பாட்டில்ல மிளகு, பரோஸாவுல பிளம் ஜாம் மணம்? இதுக்கு பதில் கிட்டத்தட்ட முழுக்க வெயில்தான். பழுக்குற நேரத்துல திராட்சை குலையோட வெப்பம் 25 டிகிரியை தாண்டி நிக்கிற மணிக்கணக்கு கூடக்கூட ரோட்டன்டோன் குறைஞ்சுக்கிட்டே போகும். பரோஸா தெற்கே 34 டிகிரி சொச்சத்துல இருக்கு, கோடையில கடும் வெயில். ரோனோட வடபகுதி வடக்கே 45 டிகிரி, வெயில் இருந்தாலும் மிதமா இருக்கும், போதாக்குறைக்கு குளிர்ந்த காத்து வேற அடிக்கும். ரோன்ல மிளகு தங்கிடுது, பரோஸாவுல போயிடுது. ஆஸ்திரேலியாவுலயே விக்டோரியா மாநிலத்துல கிராம்பியன்ஸ் மாதிரி குளுமையான இடத்து ஷிராஸ்ல மிளகு தூக்கலாவே இருக்கும், அதனால நாட்டை பாத்து முடிவு பண்ண முடியாது, அந்த தோட்டம் எவ்வளவு சூடுன்னுதான் பாக்கணும்.

மிளகு ஒரு சின்ன விஷயம்தான், பெரிய ஆட்டம் சர்க்கரையும் புளிப்பும். மாங்காய் செங்காயாகி பழமாகுறதை பாத்தவங்களுக்கு இதை சொல்ல வேண்டியதே இல்ல. திராட்சையும் கொஞ்ச நாள் பச்சையா கல்லு மாதிரி புளிப்பை சேத்து வெச்சுக்கிட்டே இருக்கும், அப்புறம் ஒரு வாரம் பத்து நாள்ல நிறம் மாறி செங்காய் பதத்துக்கு வரும், அங்க இருந்து இலையில தயாராகுற சர்க்கரை மளமளன்னு காய்க்குள்ள இறங்க ஆரம்பிக்கும். அதே சமயம் புளிப்பு குறையும். திராட்சையில முக்கியமா ரெண்டு அமிலம், ஒண்ணு புளியில இருக்கே அதே டார்டாரிக் அமிலம், இன்னொண்ணு பச்சை ஆப்பிள்ல இருக்குற மாலிக் அமிலம். டார்டாரிக் பெருசா அசையாது. ஆனா மாலிக்கை திராட்சை தன்னோட சுவாசத்துக்கு எரிபொருளா எரிச்சுடும், சூடு கூடுனா சுவாசமும் வேகமாகும், அவ்வளவு வேகமா புளிப்பும் கரையும். அதனாலதான் சூடான ஊரு ஒயின் வழவழன்னு தொண்டையில இறங்குது, குளிரான ஊரு ஒயின் குடிச்சா நாக்குல எச்சி ஊறுது.

ராத்திரி குளிரா இருந்தா அந்த எரியுற வேலை தூங்கிடும், இதை எனக்கு முதல்ல யாரோ சொன்னப்ப நம்பவே முடியல. அர்ஜென்டினாவுல மெண்டோசா பாலைவனம் மாதிரி வறண்ட ஊரு, பகல்ல நல்ல வெயில், ஆனா தோட்டங்க எல்லாம் ஆண்டிஸ் மலை அடிவாரத்துல கடல்மட்டத்துல இருந்து 900 மீட்டர், சிலது 1,500 மீட்டர்னு உசரத்துல இருக்கு, சூரியன் இறங்குனதும் குளிர் பிடிச்சுக்கும். பகல்ல சர்க்கரை சேருது, ராத்திரி புளிப்பு பத்திரமா இருக்கு, மேல உசரத்துல புற ஊதா கதிர் ஜாஸ்திங்கறதால தோலு தன்னை காப்பாத்திக்க நிறத்தையும் துவர்ப்பையும் கூடுதலா சேத்துக்குது. மெண்டோசாவுல மால்பெக்னு ஒரு திராட்சையில செய்யுற ரெட் ஒயின் ஏன் மை மாதிரி கருப்பா இருந்தும் கனமா இல்லாம இருக்குன்னா இதுதான் காரணம்.

சர்க்கரைதான் நாளைக்கு ஆல்கஹால். ஈஸ்ட் சாறுல லிட்டருக்கு சுமார் 17 கிராம் சர்க்கரையை தின்னா ஒரு சதவீதம் ஆல்கஹால் வரும். அப்ப பாட்டில் லேபிள்ல போட்டுருக்குற சதவீதம் அந்த ஊரு வெயிலோட ஒரு கணக்கு. நம்ம சிங்கப்பூர்ல இது நேரா காசுலயே தெரியும், ஏன்னா இங்க ஒயினுக்கு தீர்வை பாட்டிலுக்கு இல்ல, உள்ள இருக்குற சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி. 750 மில்லி பாட்டில்ல 14.5 சதவீத பரோஸான்னா 9 வெள்ளி 57 காசு, 12.5 சதவீத ரோன்னா 8 வெள்ளி 25 காசு, ஜெர்மனியில மோசல் ஆத்தோரத்து ரீஸ்லிங்னு இனிப்பான வெள்ளை ஒயின் 8 சதவீதம்தான் இருக்கும் (அதுல கொஞ்சம் சர்க்கரை ஆல்கஹாலாகாம இனிப்பாவே நின்னுடும்), அதுக்கு 5 வெள்ளி 28 காசு. வெயில் அதிகமா வாங்குன திராட்சைக்கு வரியும் அதிகம்.

வெயிலை எண்ணுறதுக்கே ஒரு முறை இருக்கு. 1944ல கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல அமெரின், விங்க்ளர்னு ரெண்டு பேரு பிரபலமாக்குனது. திராட்சைக்கொடி 10 டிகிரிக்கு கீழ வளராதுன்னு வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு நாளோட சராசரி வெப்பத்துல இருந்து 10ஐ கழிச்சு, ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் 214 நாளையும் கூட்டுவாங்க. 1,400க்கு கீழ வந்தா குளிர்ந்த பகுதி, 2,200ஐ தாண்டுனா ரொம்ப சூடான அஞ்சாவது பகுதி. சிங்கப்பூருக்கு போட்டு பாத்தேன், சராசரி 27 டிகிரின்னு குறைச்சே வெச்சுக்கிட்டாலும் 17ஐ 214ஆல பெருக்குனா 3,638, பட்டியலையே தாண்டி எங்கயோ போகுது.

ஆனா நம்ம ஊருல திராட்சை வராததுக்கு சூடு மட்டும் காரணம் இல்ல, குளிர்காலம் இல்லாததும் காரணம். ஐரோப்பிய திராட்சைக்கொடிக்கு வருஷத்துல சில மாசம் இலை உதிர்த்து தூங்கணும், அப்பதான் வசந்தத்துல எல்லா மொட்டும் ஒண்ணா முளைக்கும், எல்லா குலையும் ஒண்ணா பழுக்கும். தூக்கம் இல்லாத ஊருல கொடியை மனுஷன்தான் ஏமாத்தணும், அதுல கெட்டிக்காரங்க நம்ம தேனி மாவட்டத்து கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிங்க. கவாத்து பண்ணி கொடியை மொட்டையடிச்சு விட்டா அது புதுசா துளிர்க்கும், எந்த தோட்டத்துல எப்ப கவாத்துன்னு மாத்தி மாத்தி வெச்சுக்குறதால வருஷம் முழுக்க அங்க எங்கயாவது அறுவடை நடந்துக்கிட்டே இருக்கும். 2023ல புவிசார் குறியீடு வாங்குன கம்பம் பன்னீர் திராட்சையும் வெளிநாட்டுக்காரங்க மஸ்கட் ஹாம்பர்க்னு சொல்றதும் ஒரே ரகம். பன்னீர்னு பேரு வெச்சவங்க மூக்கு அபாரம், ஏன்னா மஸ்கட் குடும்பத்து திராட்சையில ஜெரானியால்னு ஒரு பொருள் இருக்கு, ரோஜாவுக்கு மணம் கொடுக்குறதுலயும் அது முக்கியமானது. மகாராஷ்டிராவுல நாசிக்லயும் இதே மாதிரி கவாத்துதான், மழை முடிஞ்சதும் வெட்டி விட்டு, குளிரான ராத்திரி இருக்குற மாசங்கள்ல பழுக்க வெச்சு ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் அறுக்குறாங்க, அதாவது காலண்டரையே திருப்பி போட்டு புளிப்பை காப்பாத்துறாங்க.

இதுக்கு நேர் எதிர் கோடி மோசல். வடக்கே 50 டிகிரி, அங்க பிரச்சனை வெயில் போதாதது. சிங்கப்பூர்ல மத்தியானம் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல நிக்கும், அங்க சாய்வாதான் வரும், அதனால தெற்கு பாத்த மலைச்சரிவுல நட்டு சரிவையே சூரியனுக்கு நேரா நிமித்தி வெச்சுட்டாங்க. பிரெம் ஊருக்கு பக்கத்துல கால்மோன்ட்னு ஒரு சரிவு 60 டிகிரிக்கு மேல செங்குத்து. கீழ கருப்பா சிலேட் கல்லு, பகல்ல சூட்டை குடிச்சுட்டு ராத்திரி விடும்.

கல்லுன்னதும் ஒண்ணு சொல்லியாகணும். இந்த ஒயின்ல கல்லோட ருசி தெரியுது, வேரு வழியா பாறையை உறிஞ்சு வந்திருக்குன்னு விக்கிறவங்க நிறைய பேர் சொல்றதை கேட்டிருப்பீங்க, எனக்கு அது பிடிக்காது, ஏன்னா உண்மை அதை விட அழகு. கல்லுக்கு வாசனை கிடையாது, அது ஆவியா எழும்பாது, வேரு உறிஞ்சுற தாது உப்பும் நாக்குக்கு தெரியாத அளவுலதான் ஒயினுக்கு வருது. மண்ணு செய்யுற வேலை தண்ணி. பிரான்ஸ்ல போர்டோ ஊருல மெடாக் பக்கம் கூழாங்கல்லு, மழை பெஞ்சா உடனே வடிஞ்சுடும், மண்ணும் சீக்கிரம் சூடாகும், லேட்டா பழுக்குற கேபர்னே சோவின்யோன் திராட்சைக்கு அது தோது. ஆத்துக்கு அந்தக்கரையில பொமெரோல் களிமண்ணு, ஈரமா குளுமையா இருக்கும், சீக்கிரம் பழுக்குற மெர்லோவுக்கு அது போதும். செங்காய் பதத்துக்கு அப்புறம் கொடிக்கு லேசா தாகம் எடுக்கணும், எடுத்தா அது இலை விடுறதை நிறுத்திட்டு பழத்துல கவனம் வைக்கும், பழம் சின்னதா இருக்கும், சின்ன பழத்துல சாறோட ஒப்பிட்டா தோலோட பங்கு கூடும். நிறம், மணம், துவர்ப்பு எல்லாத்துக்கும் தோலு முக்கியம்.

துவர்ப்புங்கற சொல்லு தமிழ்ல இருக்குறது எவ்வளவு வசதி. கொட்டைப்பாக்கு மென்னா, கோப்பிக்கடையில தே ஓவை (பால் விடாத டீ) ரொம்ப நேரம் ஊற விட்டுட்டா, வாய் ஒரு மாதிரி இழுத்து பிடிக்குமே, ரெட் ஒயின்லயும் அதே டானின்தான், அது எச்சில்ல இருக்குற வழவழப்பான புரதத்தை பிடிச்சு இறுக்கிடுது, நாக்கு உலர்ந்த மாதிரி ஆயிடுது.

இவ்வளவு பாடுபட்டு வெயிலையும் குளிரையும் பாட்டில்ல அடைச்சு அனுப்புனதை நாம இங்க ஒரு மத்தியானத்துல கெடுத்துடலாம். ரெண்டு வருஷம் முன்னாடி நல்ல பாட்டில் ஒண்ணை காரோட டிக்கியில மறந்து விட்டுட்டேன், சாயங்காலம் எடுக்குறப்ப கார்க் அரை சென்டிமீட்டர் வெளிய தள்ளி நின்னுச்சு, உள்ள ஒயின் சூட்டுல விரிஞ்சு தள்ளியிருக்கு, வாசனை வேகவெச்ச பழம் மாதிரி ஆயிடுச்சு. 10 டிகிரி கூடுனா வேதிவினை வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும்னு ஒரு பொது கணக்கு உண்டு, 30 டிகிரி வீட்டுல கிச்சன் அலமாரியில வெச்ச ஒயின் அந்த வேகத்துலதான் கிழடாகும். ரெட் ஒயினை அறை வெப்பத்துல குடிக்கணும்னு சொல்றதும் ஐரோப்பாக்காரங்க அறையை வெச்சு சொன்னது, 16ல இருந்து 18 டிகிரி.

அன்னைக்கு ராத்திரியும் பரோஸா முதல்ல ஆல்கஹால் நெடியாதான் வந்துச்சு, அரைமணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்ததும் நெடி அடங்கி பிளம் மணம் நல்லா தெரிஞ்சுது. அண்ணிக்கு மட்டும் மனசு ஆறல, கிச்சனுக்கு போய் நாலு மிளகை இடிச்சு கொண்டு வந்து அண்ணன் மூக்குக்கு கீழ நீட்டுனாங்க. தும்முனாரு, ஆனா வாசனை தெரியுதுன்னாரு. தெரியத்தான் செய்யும், மிளகுல ரோட்டன்டோன் தவிர பைனீன், லிமோனீன்னு எத்தனையோ மணம் சேர்ந்திருக்கு, அவருக்கு விட்டுப்போறது அந்த ஒண்ணு மட்டும்தான். அதை விளக்கி சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு கேட்டாரு, "அப்ப இத்தனை வருஷமா ரசத்துல இவளுக்கு ஒரு வாசனை, எனக்கு வேற வாசனையா?"