லோரி ஏறி வரும் வண்டு

போன வருடம் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஓர் அண்ணன் புதுமனை புகுவிழாவுக்கு முன்னால் வாசலில் ஆறு தென்னை நட்டார். கன்றுகள் இல்லை, ஆள் உயரம் தாண்டிய மரங்கள். கிழக்குக் கரையிலிருந்து லோரியில் வந்தவை. மூன்றாம் மாதம் ஒன்றின் குருத்து சாய்ந்தது. "உரம் பத்தலையா தம்பி?" என்று கேட்டார். பயிர்ப் பாதுகாப்பு வேலையில் இருப்பவனுக்கு, குருத்து சாய்ந்தது என்றாலே வயிற்றைக் கலக்கும். தண்டில் காதை வைத்தேன். உள்ளே யாரோ முறுக்கு தின்பது போல நறநறவென்று சத்தம்.

சிவப்புக் கூன்வண்டு. மலேசியாவில் 2007இல் திரெங்கானு தென்னைகளில் இதைக் கண்டுபிடித்தார்கள். தாய் வண்டு காயம்பட்ட இடமாகப் பார்த்து இருநூறு, முந்நூறு முட்டை இடும். பாராங் கத்தி பட்ட வெட்டோ, காண்டாமிருக வண்டு போட்ட துளையோ, எதுவானாலும் அதற்குப் போதும். புழு உள்ளேயே இருந்து தண்டைத் தின்னும். புளித்த வாடையும் துளையில் வடியும் பழுப்பு நீரும் நம் கண்ணில் படும்போது பெரும்பாலும் கை மீறியிருக்கும். (சரவாக்கில் இதே இனத்துப் புழுவைச் சேகோ மரத்திலிருந்து எடுத்து ருசித்துச் சாப்பிடுகிறார்கள். நான் இன்னும் துணியவில்லை.)

வண்டுக்குச் சிறகு உண்டுதான். ஆனால் அதைத் தூரம் கடத்துவது நாம்தான். 1980களில் வளைகுடா நாடுகளில் பேரீச்சைத் தோப்புகளுக்குள் அது நுழைந்து பரவியதும் பூச்சி பிடித்த கன்றுகளோடுதான். அழகுக்கு வைக்கும் பனைகளையும் இந்த வண்டின் இரைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். செம்பனையும் அந்தக் குடும்பம்தான்.

1976ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி, ஆபத்தான பூச்சி இருப்பது தெரிந்தால் நிலத்துக்காரர் தகவல் சொல்ல வேண்டும். அதிகாரி வந்து பார்க்கலாம், மரத்தை அழிக்கச் சொல்லலாம். சபா, சரவாக்குக்குச் செடி அனுப்பப் பெர்மிட் வேண்டும். தீபகற்பத்துக்குள் கொண்டுவருவதாக இருந்தாலும், எந்த ஊர்க் கன்று என்று விற்பவரிடம் கேளுங்கள். அவர் மழுப்பினால் வாங்காதீர்கள். லோரிக்குச் சொல்லும் முன் விவசாய இலாகாவுக்கு ஒரு போன் போடுங்கள்.

சட்டத்தைவிட என்னைக் கவலைப்படுத்துவது, மரத்தை வெட்டிய பிறகு நடப்பது. அண்ணன் தண்டைத் துண்டு போட்டு ஆற்றோரம் தள்ளிவிட ஆள் பேசிவிட்டார். வெட்டிப் போட்ட தண்டில் புழு சாவதில்லை. நாரைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு, சில வாரத்தில் வண்டாக வெளியே வந்து பக்கத்துத் தோப்பைத் தேடும். அதனால் அந்த இடத்திலேயே சிறு துண்டுகளாகப் பிளந்து, ஆழக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். எரிக்கலாமே என்பார்கள். நம் நாட்டில் திறந்தவெளியில் தீ வைப்பது குற்றம், இலாகாவைக் கேட்காமல் கொளுத்தாதீர்கள்.

அப்புறம், வாசனைப் பொறி. அதில் வைக்கும் ஆண் வண்டின் வாசனை, ஆண் பெண் இரண்டையும் இழுக்கும். பொறியை இளம் தென்னைகளுக்கு நடுவே தொங்கவிட்டு மறந்துபோனால் விருந்துக்கு அழைப்பிதழ் கொடுத்த கதைதான். மரங்களை விட்டுத் தள்ளி வையுங்கள், பொறிக்குள் வைக்கும் இரையை மாற்றிக்கொண்டே இருங்கள்.

அண்ணனின் மீதி ஐந்து மரங்கள் இடத்தை விட்டு நகரவில்லை. மட்டை வெட்டுவதையும் நிறுத்தச் சொன்னேன். தவிர்க்க முடியாமல் வெட்டினால் காயத்துக்கு அன்றைக்கே மருந்து பூசுகிறார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்க் காது வைத்துக் கேட்கிறேன். இதுவரை சத்தமில்லை.