செஸ்டர்ஃபீல்டின் முறுக்கிய கோபுரம்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள செஸ்டர்ஃபீல்ட் ஊருக்கு ரயிலில் வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது ஒரு கோணல் கோபுரம். புனித மரியாள் மற்றும் சகல பரிசுத்தவான்கள் ஆலயத்தின் உச்சிக் கூம்பு அது. தரையிலிருந்து 228 அடி உயரம். கூம்பு சுமார் 45 பாகை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. நுனி இருக்க வேண்டிய இடத்தைவிட்டு ஒன்பதரை அடி விலகியிருக்கிறது. சாத்தான் வந்து உட்கார்ந்து வளைத்துவிட்டான் என்று ஊரில் கதை உண்டு. உண்மைக் காரணம் அதைவிடச் சுவையானது.

ஆலயத்தின் பெரும்பகுதி 14-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அன்று கத்தோலிக்க ஆலயம். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1534-இல் ரோமின் போப்போடு உறவை முறித்த பிறகு ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின், சேகர ஆலயமாயிற்று. சதுரமான கல் கோபுரத்தின் மேல் 1362 வாக்கில் எட்டுப் பட்டைக் கூம்பை எழுப்பினார்கள். உள்ளே ஓக் மரச் சட்டங்கள். மேலே போர்த்தியிருக்கும் ஈயத் தகடு மட்டுமே சுமார் 33 டன்.

பச்சை மரத்தில் கட்டியதுதான் தவறு என்று பலரும் சொல்கிறார்கள். அந்தப் பழியை முழுதாக மரத்தின் மேல் போடுவது நியாயமில்லை. காய்ந்த ஓக்கில் உளி எளிதில் இறங்காது. அதனால் அக்காலத் தச்சர்கள் ஈரம் காயாத மரத்தில்தான் வேலை செய்தார்கள். அப்படிக் கட்டிய எத்தனையோ கூரைகள் இன்றும் நேராக நிற்கின்றன. காயும்போது ஓக் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. குறுக்குவாட்டில் சுருங்கும், அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இல்லை. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே சட்டம் திருகும், மூட்டு நெகிழும். நல்ல கட்டமைப்பு இதைத் தாங்கிக்கொள்ளும்.

இங்கே தாங்கவில்லை. காரணம், போதுமான மூலைவிட்டச் சட்டங்கள் இல்லை. நான்கு குச்சிகளைச் சதுரமாக ஆணியடித்து ஒரு மூலையைத் தள்ளிப் பாருங்கள், சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை ஒரு குச்சியை அடித்தால் இரண்டு முக்கோணங்கள் உண்டாகி, அசையாது. கூம்பின் எட்டு முகங்களிலும் அந்த முக்கோணங்கள் இருந்திருந்தால் முறுக்கு விழ வழியில்லை. 1348-இல் இங்கிலாந்துக்குள் நுழைந்த கொள்ளைநோயில் தேர்ந்த தச்சர்கள் பலர் மாண்டதால் இந்தக் குறை நேர்ந்தது என்பது வழக்கமான விளக்கம். காலக்கணக்கும் அதற்கு ஒத்துவருகிறது.

மீதி வேலையைச் செய்தது ஈயம். அது 327 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும் உலோகம். அதனால் சாதாரண வெப்பத்திலும் சுமைக்கு மெல்ல மெல்ல இளகிக் கொடுக்கும். இங்கிலாந்தில் வெயில் தெற்கு முகத்தில்தான் அதிகம் விழும். அந்தப் பக்கத்துத் தகடு பகலில் கூடுதலாக விரியும், இரவில் சுருங்கும். ஆனால் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பாது. ஒரு நாளில் நடப்பது மில்லிமீட்டர் அளவுகூட இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் அது சேரும்போது, பிடிப்பில்லாத சட்டங்கள் அதன் இழுப்புக்குப் போகின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் விழாமல் நிற்பதற்குக் காரணம் கூம்பு வடிவமே. எடையின் பெரும்பங்கு அடிப்பகுதியில் இருக்கிறது. விலகல் அதிகம் உள்ள நுனியில் எடை மிகக் குறைவு. ஆகவே ஈர்ப்பு மையம் அதிகம் நகரவில்லை. அதிலிருந்து இறக்கிய தூக்குநூல் இன்னும் கல் கோபுரத்தின் சுவர்களுக்கு உள்ளேதான் விழும்.