விசையைத் தொடவே இல்லை, ஆனால் வெடித்தது

“நான் விசையைத் தொடவே இல்லை சார், தானா வெடிச்சிடுச்சு.” துப்பாக்கி பழுதுபார்க்கும் என் மேசைக்கு முன்னால் நின்று இப்படிச் சொல்பவர்களை நான் உடனே நம்பிவிடுவதில்லை. பொய் என்று ஒதுக்குவதும் இல்லை. தன்னையறியாமல் விரல் விசைக்குள் போய்விடுவது சாதாரணம்தான். ஆனால் அரைத் தானியங்கி ரைஃபிள் (ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டு சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) யாரும் தொடாமலே வெடிப்பதும் உண்டு. அதனால் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: எந்த நொடியில் வெடித்தது?

போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி மூடும் பாகம்) மூடியபோதா? ஒருமுறை அழுத்தியதற்கு இரண்டு போனதா? விரலை விடுவித்தபோதா? சேஃப்டியை, அதாவது பாதுகாப்புப் பூட்டை, நகர்த்தியபோதா? சும்மா மேசையில் கிடந்தபோதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. இதை மட்டும் சரியாகச் சொல்லிவிட்டால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். பதற்றத்தில் மறந்திருப்பார்கள். இல்லையென்றால் வீட்டிலேயே எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, இருந்த தடயத்தையும் அழித்துவிட்டுப் பளபளவென்று கொண்டுவருவார்கள்.

போல்ட் மூடும்போது வெடிப்பதை ஸ்லாம் ஃபயர் என்கிறோம். பல அரைத் தானியங்கி ரைஃபிள்களில் தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைப் பின்னுக்கு இழுத்துவைக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட்டுக்குள் அது முன்னும் பின்னும் தாராளமாக ஓடும். போல்ட் வேகமாக வந்து மோதி நிற்கும்போது, ஃபயரிங் பின் மட்டும் அதே வேகத்தில் முன்னே போய், தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை லேசாகத் தட்டும். ஏஆர்-15 ரைஃபிளில் ஏற்றி, சுடாமல் வெளியே எடுத்த தோட்டாவின் பிரைமரில் சின்னப் புள்ளி ஒன்று தெரியுமே, அது இந்தத் தட்டல்தான். அந்தப் புள்ளியைப் பார்த்துப் பயந்துபோய் வருபவர்கள் உண்டு, அது இயல்பு. ஆனால் அதே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி எடுப்பது நல்லதல்ல.

அந்த லேசான தட்டல் எப்போது ஆபத்தாகிறது? ஃபயரிங் பின் அழுக்கிலோ கெட்டியான கிரீஸிலோ மாட்டி, முன்னே நீட்டியபடியே நின்றுவிட்டால் ஆபத்து. பிரைமர் மிகவும் உணர்திறன் கொண்டதாக இருந்தாலும், சரியாக உட்காராமல் தோட்டாக் கூட்டின் அடிப்பாகத்துக்கு வெளியே துருத்தி நின்றாலும் ஆபத்துதான். தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்பவர்கள் ஒவ்வொரு பிரைமரையும் விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான். இன்னொன்று, ஒற்றைத் தோட்டாவைக் கையால் நேராகச் சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் இடத்தில்) போட்டு போல்ட்டை விடுவது. தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசினிலிருந்து தோட்டாவை உரித்துத் தள்ளும்போது போல்ட்டின் வேகம் சற்றுக் குறையும். இப்படிப் போட்டால் அந்தத் தடையும் இல்லை. அமெரிக்க ராணுவ ரைஃபிளான எம்16இன் தொடக்கக் காலத்தில், 1960களில், இதே சிக்கல் வந்துதான் அதன் ஃபயரிங் பின்னை எடை குறைவாக மாற்றினார்கள்.

பழைய ராணுவக் கிடங்கிலிருந்து வந்த எஸ்கேஎஸ் ரைஃபிள் ஒன்றை ஒருவர் கொண்டுவந்தார். பத்துத் தோட்டா ஏற்றி போல்ட்டை விட்டதும், விரல் வெளியே இருக்கும்போதே மூன்று ஓடிவிட்டனவாம். போல்ட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. உள்ளே ஃபயரிங் பின் ‘கடகட’ என்று ஆட வேண்டும். கிடங்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய காஸ்மோலின் கிரீஸ், போல்ட்டின் உள்ளே அரக்கு மாதிரி இறுகிக் கிடந்தது. வெளியே ஒரு பொட்டுக்கூட இல்லை, அழகாகத் துடைத்திருந்தார்! பழைய எஸ்கேஎஸ் வாங்கினால் முதல் தோட்டாவுக்கு முன்னால் போல்ட்டைப் பிரித்து உள்ளே கழுவியாக வேண்டும்.

ஒருமுறை அழுத்தி இரண்டு போவது வேறு கதை. விரல் இன்னும் அழுத்தியபடி இருக்கையில் பின்னுக்குப் போன ஹேமரை (ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தியலை) டிஸ்கனெக்டர் என்ற கொக்கி பிடித்துக்கொள்கிறது. விரலை விட்டதும், அடுத்த அழுத்தல்வரை ஹேமரைப் பிடித்துவைக்கும் சியரிடம் ஒப்படைக்கிறது. பிடிக்கும் விளிம்புகள் தேய்ந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ, இடையில் அழுக்கு அடைத்தாலோ இந்தக் கைமாற்றம் தவறிப்போகும். விரலை விடும்போது வெடிப்பதும் இதே குடும்பத்து நோய்தான். விசை லேசாக இருக்கட்டும் என்று வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவர்களின் ரைஃபிள்களில்தான் இதை அடிக்கடி பார்க்கிறேன். அந்த விளிம்புகளின் மேல்தோல் மட்டுமே கடினப்படுத்தப்பட்டிருக்கும்; அது போய்விட்டால் மிச்சம் சீக்கிரமே தேயும். தேய்ந்த பாகத்தைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் எல்லாப் பழியையும் இரும்பின் மேல் போடவும் முடியாது. தோளில் இறுக்கிப் பிடிக்காமல், விசையைக் கிள்ளுவதுபோல் தொட்டுச் சுட்டால், பின்னுதைப்பில் ரைஃபிள் ஆடி விரலிலேயே மறுபடி மோதும். சுட்டவருக்கு அது தானாக வெடித்தது போலத்தான் இருக்கும்.

சேஃப்டி பற்றி ஒன்று மட்டும். பல ரைஃபிள்களில் அது விசையைத்தான் தடுக்கிறது, ஃபயரிங் பின்னை அல்ல. சேஃப்டி போட்டிருந்தாலும் ஸ்லாம் ஃபயர் வரும். குழலின் வெப்பத்தில் உள்ளே இருக்கும் தோட்டா தானே வெடிப்பதையும் அது தடுக்காது. எம்16 வகைக்கு, இடைவிடாமல் வேகமாகச் சுட்ட 140 தோட்டாக்களிலேயே குழல் அந்தச் சூட்டை எட்டிவிடும் என்று அமெரிக்க ராணுவக் கையேடு எச்சரிக்கிறது. சாதாரண இலக்குப் பயிற்சியில் அவ்வளவு தூரம் போவது அரிது.

எப்படி நடந்திருந்தாலும், அந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். குழல்முனை, குண்டைத் தடுக்கும் இலக்கு மேட்டை நோக்கியே இருக்கட்டும், விரல் வெளியே. மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையென்றால் உடனே திறக்காதீர்கள். தாமதமாக வெடிக்கக்கூடும், 30 நொடி அப்படியே பிடித்திருங்கள். அப்புறம் அன்றைக்கு அந்த ரைஃபிளுக்கு ஓய்வு. “இன்னொரு தடவை பார்ப்போமே” என்பதுதான் எனக்குப் பிடிக்காத வாக்கியம்.

காலி ரைஃபிளில், தோட்டாக்கள் வேறு அறையில் இருக்க, ஒரு சோதனை செய்யலாம். சேஃப்டி போட்டு விசையை அழுத்தினால் ஹேமர் விழக் கூடாது. எடுத்துவிட்டு அழுத்தினால் விழ வேண்டும். அழுத்தியபடியே போல்ட்டை இழுத்துவிட்டு, விரலை மெதுவாகத் தளர்த்தினால் ‘க்ளிக்’ என்று மட்டும் கேட்க வேண்டும், ஹேமர் விழக் கூடாது. ஒன்றில் தவறினாலும் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் போங்கள். மூன்றிலும் தேறினாலும் போங்கள்தான். கையால் மெதுவாக இழுப்பது வேறு, நிஜத் தோட்டாவின் அதிர்ச்சி வேறு. பழுது பார்த்த பிறகு நானே சோதிக்கும்போதும் முதலில் ஒரே ஒரு தோட்டா, பிறகு இரண்டு. அதற்கு மேல் மேகசினில் போடுவதில்லை.

போன மாதம் ஒருவர் சிரித்துக்கொண்டே, “ரெண்டு ரெண்டா போறது நல்லாத்தானே இருக்கு” என்றார். முதல் குண்டின் உதைப்பில் குழல் மேலே எழும்பியிருக்கும், இரண்டாவது குண்டு இலக்கு மேட்டைத் தாண்டிப் போகலாம் என்று சொன்னேன். ஒரே அழுத்தத்தில் ஒன்றுக்கு மேல் போகும் துப்பாக்கியைப் பல நாட்டுச் சட்டங்கள் எந்திரத் துப்பாக்கியாகவே கருதும் என்றும் சொன்னேன். சிரிப்பு நின்றது. சரி, அன்றைக்குச் சுட்ட காலிக் கூடுகளைக் கொடுங்கள், பிரைமரில் விழுந்த அடியைப் பார்க்கலாம் என்றேன். குப்பையில் போட்டுவிட்டாராம்.