ஒடுக்கெடுத்தல்: பள்ளம் எங்கே வந்தது?

பழைய கார் ஒன்றைப் புதுப்பிக்கும் காணொளி. முன் மட்கார்டு நசுங்கிக் கிடக்கிறது. "அடுத்து இந்தப் பள்ளங்களை நீக்குவோம்" என்கிறது தமிழ்க் குரல். விளம்பரம், கையேடு, செயலி என்று பார்த்த இடமெல்லாம் இதே 'பள்ளம் நீக்கல்'தான். இத்தனை நாள் பொறுத்தாயிற்று.

இதற்கான சொல் நம்மிடம் எப்போதோ இருக்கிறது: ஒடுக்கு. குடம் கைதவறி விழுந்தால் 'ஒடுக்கு விழுந்துவிட்டது' என்போம். ஒடுங்கு, ஒடுக்கு என்ற வினையிலிருந்து வந்த பெயர். அதைச் சரிசெய்வது ஒடுக்கெடுத்தல். ஆங்கிலத்து 'டென்ட்' பழைய காலத்தில் 'அடி' என்ற பொருளில் வழங்கிய சொல். அடி விழுந்த தடத்துக்குப் பெயரானது பிற்பாடுதான். சொற்பிறப்பு இவ்வளவு போதும்.

பள்ளத்தில் என்ன குற்றம்? பள்ளம் தரையில் இருப்பது. மண் போன இடம் பள்ளம். அதை மூடலாம், தூர்க்கலாம், நிரப்பலாம். அடிபட்ட தகட்டிலிருந்து எதுவும் போய்விடவில்லை. இரும்பு முழுதும் அங்கேயேதான் இருக்கிறது, இடம் மாறி ஒடுங்கியிருக்கிறது. நடுப்பகுதி உள்வாங்கும்போது சுற்றிலும் ஒரு வரப்பு மேலெழும்பி நிற்கும். அந்த வரப்புதான் நடுப்பகுதியை மேலே வரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் கைதேர்ந்தவர் எடுத்தவுடன் நடுவில் தட்ட மாட்டார். கடைசியாக உண்டான மடிப்பை முதலில் தளர்த்துவார். உள்ளே டாலி என்கிற இரும்புக் கட்டையைக் கொடுத்து வெளியே வரப்பின்மேல் மெல்லத் தட்டிக்கொண்டே வருவார். பாதி ஒடுக்கு தானாகவே நிமிர்ந்துவிடும். மேடும் சேர்ந்த இந்தச் சிக்கலைப் பள்ளம் என்ற சொல் எப்படிச் சுமக்கும்?

சொல் பிசகினால் வேலையும் பிசகும் என்பது என் கட்சி. பள்ளம் என்று கேட்டவுடன் மனம் நிரப்பத்தான் போகும். பட்டி என்கிற நிரப்புப் பசையை அப்பு, தேய், பெயின்டை அடி! பார்வைக்குப் பளபளக்கும். காந்தத்தை வைத்தால் ஒட்டாது. தடியாக அப்பிய பட்டி நாளடைவில் வெடிக்கும். பிளாஸ்டிக் பட்டி வருவதற்கு முன்பும் உருக்கிய ஈயக்கலவையைப் பூசி மட்டம் செய்தார்கள்தான். ஆனால் தகட்டை முடிந்தவரை தட்டி நிமிர்த்திய பிறகு, மிஞ்சிய குறைக்காக அது. பழைய காரின் தடித்த இரும்புத் தகடு பொறுமையாகத் தட்டினால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். அதிகம் தட்டினாலும் ஆபத்து: உலோகம் விரிந்து உப்பும், இறுகியும் போகும். அப்போது சிறு புள்ளியாகச் சிவக்கச் சூடேற்றிக் குளிரவைத்துச் சுருக்குவார்கள். பள்ளம் 'நீக்குகிறவர்' எதற்காகச் சுருக்க வேண்டும், சொல்லுங்கள்.

அடுத்து அந்த 'நீக்கல்'. சிக்கெடுக்கிறோம், சுளுக்கெடுக்கிறோம், கோணலெடுக்கிறோம். எதையும் வெட்டி எறிவதில்லை, இருந்த நிலைக்குக் கொண்டுவருகிறோம். 'எடு' என்பதில் தூக்குதலும் இருக்கிறது. உள்வாங்கிய தகட்டை மேலே எடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வினை எங்கே கிடைக்கும்? 'நீக்கல்' அலுவலகக் கோப்பிலிருந்து எழுந்து வந்த சொல். கறையை நீக்குங்கள், பெயரை நீக்குங்கள். ஒடுக்கை எடுங்கள்.

'சொட்டை' என்பாரும் 'டொக்கு' என்பாரும் உண்டு. இரண்டும் உயிருள்ள சொற்களே, பேச்சில் வழங்கட்டும். என்ன, 'சொட்டை எடுத்தல்' என்று எழுதினால் முடிவைத்தியம் என்று நினைத்து நாலு பேர் வருவார்கள்.

'டிங்கரிங்'? நான் தனித்தமிழ்க்காரன் அல்லன். பள்ளம் நீக்கலுக்கு டிங்கரிங் எவ்வளவோ மேல், கேட்டவுடன் வேலை விளங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், இன்றைய ஆங்கிலத்தில் பொதுவாக அதற்குச் சும்மா நோண்டிக்கொண்டிருத்தல் என்றே பொருள்; இந்த வேலையை அவர்கள் 'பேனல் பீட்டிங்' என்பார்கள். ஆனால் 'டிங்கர்' என்பவர் முன்பு ஊர் ஊராகப் போய்ப் பாத்திரம் செப்பனிட்டவர். நம் ஒடுக்கெடுப்பவரும் பாத்திரத்தில் தொடங்கியவர்தான். டிங்கரிங் என்ற சொல் பாத்திரத்திலிருந்து நம் காருக்கு வரலாம் என்றால் ஒடுக்குக்கு மட்டும் ஏன் தடை?

மொழிபெயர்ப்பாளர்களைக் கேட்டால் அகராதியைக் காட்டுவார்கள். அந்த அகராதி தந்த வரம்தான் பேனல் பீட்டிங்குக்குப் 'பலகை அடித்தல்'. மரவேலையா இது? காரில் இருப்பது தகடு. இன்னொரு கையேட்டில் 'பொம்மையைத் தகட்டின் பின்புறம் உறுதியாகப் பிடிக்கவும்' என்று படித்து ஒரு கணம் திகைத்துப்போனேன். டாலியாம்! உள்ளங்கையில் அடங்கும் கனத்த இரும்புக் கட்டை அது, சுத்தியல் அடிக்கு மறுபக்கம் கொடுக்கும் தாங்கல். 'தாங்குகட்டை' என்றிருக்கலாம், டாலி என்றே விட்டிருக்கலாம். பட்டறையில் ஒரு மணிநேரம் நின்று கேட்டிருந்தால், பள்ளமும் வந்திருக்காது, பொம்மையும் வந்திருக்காது.